டம்ளர் விழும் பலகை

அத்தியாயம் 11

போன வாரம் நாத்தனாரின் செருப்பு மாடிப்படியில் தலைகீழாகக் கிடப்பதோடு நிறுத்தியிருந்தேன். அதை எறிந்தது யார் என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். வேறு யார், நம் மைக்கம்மாதான். "உங்க குழந்தைக்குக் காது கேக்கல, கொண்டு போய்க் காட்டுங்க" என்று கணவனின் அக்கா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். "இனிமே இந்தப் படி ஏறாதீங்க அண்ணி" என்று பதில் சொன்ன மைக்கம்மா, செருப்பையும் பின்னாலேயே அனுப்பிவைத்தாள்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மைக்கம்மா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். மைக்கம்மா என்பது கண்டக்டர்கள் வைத்த பெயர். இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு பஸ்கள் ஒரே நேரத்தில் ரிவர்ஸ் எடுத்து முட்டிக்கொண்டதிலிருந்து, அவள் மைக்கில் சொல்லாமல் அங்கிருந்து எந்த பஸ்ஸும் கிளம்பக் கூடாது என்று விதி. கணவன் தச்சன். கதவு, ஜன்னல் தச்சன் இல்லை. பலகைத் தரை போடுகிறவன். ஒரே மகளுக்கு இருபத்திரண்டு மாதம். வீட்டில் எல்லாருக்கும் அவள் சுண்டெலி. நாத்தனார் மழலைப் பள்ளி டீச்சர். வருடத்துக்கு நாற்பது குழந்தைகளைப் பார்க்கிறவள், பார்த்ததைச் சொன்னாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

"இவளெல்லாம் ஒரு தாயா? பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா?" என்று ஒரு வாசகி சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். கோபம் நியாயம்தான் அம்மா. ஆனால் ஒன்று சொல்கிறேன். என் வீட்டில் ஓர் எடை மிஷின் இருக்கிறது. எந்த மூலையில் வைத்தால் அது இரண்டு கிலோ குறைத்துக் காட்டும் என்று எனக்குத் தெரியும். ஆறு வருடமாக அந்த மூலையில்தான் இருக்கிறது. தினமும் ஏறி நின்று பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிறேன். ஆகவே மைக்கம்மாவைத் திட்டுவதை எனக்காக ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

இனி அந்த வியாழக்கிழமைக்குப் போவோம்.

*

காலை ஏழு மணி. முன்னறையில் சுண்டெலி சுவரைப் பார்த்து உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா வேலையில் மிச்சமான துண்டுகளைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்த கட்டைகள்.

மைக்கம்மா பூனை மாதிரி நடந்து வந்து வாசல் பக்கம் நின்றாள். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"இங்க பாருங்க" என்று கணவனைக் கூப்பிட்டாள். அவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்து நின்றான்.

டம்ளரைத் தவறவிட்டாள். டங் என்று பலகைத் தரையில் விழுந்து உருண்டது. சுண்டெலி சட்டென்று திரும்பி, இருவரையும் பார்த்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள்.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா இல்லையா?" மைக்கம்மா ஓடிப்போய் மகளை அள்ளிக்கொண்டாள். "காது கேக்கலையாம் காது. யாருக்குக் கேக்கல? உங்க அக்காவுக்குத்தான் மனசு கேக்கல."

"கேக்குது, கேக்குது" என்றான் தச்சன்.

"எங்க அம்மா வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசினோம். என் தம்பி மூணு வயசுல வாயைத் திறந்தான், இன்னும் மூடல. நான் பேசி ஊரே கிளம்புது, என் பொண்ணு பேசமாட்டாளா?"

அவன் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் கேள்வி வரும்.

ஒவ்வொரு நாளும் காலையில் இந்தப் பரீட்சை நடக்கிறது. ஒரு நாளும் சுண்டெலி தோற்றதில்லை. சாயங்காலம் தச்சனுக்கும் ஒரு பரீட்சை உண்டு. வாசலில் நுழைந்ததும் குதிகாலை இரண்டு தடவை தரையில் தட்டுவான். எந்த விளையாட்டில் இருந்தாலும் குழந்தை திரும்பி, தவழ்ந்தும் ஓடியும் வந்து காலைக் கட்டிக்கொள்ளும். அப்பா வந்த சத்தம் என் பெண்ணுக்குத் தெரியும் என்று வேலை செய்யும் இடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறான்.

"இன்னைக்கு நாலு மணி" என்றான் மெதுவாக.

"என்ன நாலு மணி?"

"அக்கா வாங்கி வச்சிருக்கிற நேரம். பெரிய டாக்டர் நாலு மாசத்துக்கு ஒரு தடவைதான் வர்றார். இன்னைக்கு விட்டா அவளுக்கு ரெண்டு வயசு தாண்டிடும். ரெண்டு வயசுக்குள்ள காதுல கருவி வச்சாத்தான் பேச்சு நல்லா வரும்னு சொல்றாங்களாம்."

"யாருக்குப் பேச்சு வரணும்? இப்பதானே டம்ளர் சத்தத்துக்குத் திரும்பினா! கண்ணால பார்த்துட்டே இப்படிச் சொல்றீங்களே!"

"போய்க் காட்டிட்டு வந்துட்டா அக்கா வாயும் அடங்கும்ல?"

"எதுக்குங்க? நல்லா இருக்கிற குழந்தையைக் கொண்டு போய் காதுல ஒயரை மாட்டி, அவங்க ஒரு பேரை வைப்பாங்க. அதுக்கப்புறம் ஊர் முழுக்க அந்தப் பேருதான். வேண்டாம். எனக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி. ஒரு மணிக்கு வந்து குழந்தையைப் பார்த்துக்கங்க. எங்கேயும் தூக்கிட்டுப் போகக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"ம்" என்றான் தச்சன். அந்த "ம்" எதற்கு என்று அவனுக்கே தெரியாது.

*

அன்று அவனுக்கு ஒரு வங்கிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வேலை. தரை போட்டு முடித்தாயிற்று. ஆடும் பலகை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் நாள்.

பக்கத்து அறையில் கண்ணாடி அறுக்கும் மிஷின் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. பேசினால் பேசுகிறவனுக்கே கேட்காது. ஆனால் இவர்கள் வேலைக்கு அது ஒரு தொந்தரவே இல்லை. பதினோரு வருடமாக ஒரே முறைதான். தச்சன் தரையில் குப்புறப் படுத்து உள்ளங்கையைப் பலகையில் வைத்துக்கொள்வான். கூட்டாளி அறையின் அந்தக் கோடியிலிருந்து ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டு வருவான். சரியாக உட்கார்ந்த பலகை கையில் ஒரு மாதிரி அதிரும். உட்காராதது வேறு மாதிரி அதிரும். இருபது அடி தள்ளித் தட்டினாலும் பழகிய கைக்குத் தெரிந்துவிடும்.

மிஷின் ஒரு நிமிடம் நின்றது. கூட்டாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"நம்ம தொழிலைப் பார்த்தியா? காதுக்கு வேலையே இல்ல. கை போதும். ஒரு செவிடனை உட்கார வச்சாக்கூட நம்மளைவிட நல்லாச் செய்வான்."

சும்மா சொன்னதுதான். அவன் சுண்டெலியைத் தூக்கிக் கொஞ்சியவன். அவளை நினைத்துச் சொல்லவே இல்லை. சொல்லிவிட்டு அடுத்த பலகையைத் தட்டப் போய்விட்டான்.

தச்சனின் கை பலகை மேலேயே இருந்தது. டப். உள்ளங்கையில் ஒரு அதிர்வு. டப். இன்னொன்று.

அவன் வீட்டு முன்னறைத் தரையும் அவன் போட்டதுதான். வேலைகளில் மிச்சமான பலகைகளைச் சேர்த்துவைத்து, கல்யாணத்துக்கு முன் போட்டது. வாடிக்கையாளர் வீட்டில் பலகைக்கு அடியில் ஃபோம் ஷீட் விரிப்பான், நடக்கிற அதிர்வு அதிகம் பரவாமல் இருக்க. சொந்த வீட்டுக்குத்தானே என்று இங்கே விரிக்கவில்லை. மரச் சட்டத்தின் மேல் நேராகப் பலகை, கீழே வெறும் இடைவெளி. பக்கத்து வீட்டுப் பூனை குதித்தால்கூட உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியும்.

தெரியும். அவனுக்கு இதெல்லாம் தெரியும். ஊருக்கே தரை போடுகிறவனுக்கு இது தெரியாதா?

"என்னப்பா, ஆடுதா இல்லையா? சொல்லித் தொலை!" என்று கத்தினான் கூட்டாளி.

"ஆடுது" என்றான் தச்சன். எழுந்து உட்கார்ந்தான். முகம் வியர்த்திருந்தது.

பன்னிரண்டரைக்குக் கிளம்பும்போது மூலையில் கிடந்த ஃபோம் ஷீட் துண்டுகளைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"அது எதுக்கு?"

"சமையல் ரூம் கதவு இடிக்குது. அடியில வைக்கலாம்னு."

அவன் வீட்டுச் சமையல் அறைக்குக் கதவே கிடையாது.

*

ஒன்றே முக்காலுக்கு மைக்கம்மா கிளம்பினாள். மகளுக்குக் கன்னத்தில் இரண்டு, நெற்றியில் ஒன்று முத்தம் கொடுத்தாள். அம்மா போய் வருகிறேன் என்று தன் மைக் குரலில் முழு அறிவிப்பும் செய்தாள். சுண்டெலி அம்மாவின் உதட்டையே கண் கொட்டாமல் பார்த்தாள். அந்தக் குழந்தை எப்போதும் யார் பேசினாலும் உதட்டைத்தான் பார்க்கும்.

கதவு சாத்தியது. தச்சன் ஜன்னல் வழியாக அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்தான். பிறகு ஃபோம் துண்டுகளை நான்காக மடித்து முன்னறை நடுவில் வைத்து, அதன் மேல் மகளை உட்காரவைத்தான். முகம் சுவர்ப் பக்கம். முன்னால் கட்டைகள்.

நாலு எட்டு பின்னால் வந்து நின்றான்.

"சுண்டெலி."

அவள் ஒரு கட்டை மேல் இன்னொரு கட்டையை வைத்தாள்.

"சுண்டெலி! அப்பா கூப்பிடறேன்டா."

மூன்றாவது கட்டை.

கையைத் தட்டினான். விசில் அடித்தான். விளையாட்டு மும்முரத்தில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டான். பசி வந்தால் திரும்புவாள் என்று சொல்லிக்கொண்டான். சமையல் அறையிலிருந்து இரும்புச் சட்டியையும் கரண்டியையும் எடுத்து வந்து அவள் தலைக்குப் பின்னால் பிடித்து அடித்தான். ஒன்று, இரண்டு, பத்து. பிறகு கரண்டியைப் போட்டுவிட்டுச் சுத்தியலை எடுத்தான்.

"யாருங்க அது? வீட்டை இடிக்கிறீங்களா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கீழ்த் தளத்தில் ஒரு நாய் குரைத்தது. தெருவில் யாரோ நின்று மேலே பார்த்தார்கள்.

சுண்டெலி ஐந்தாவது கட்டையை வைத்தாள். கோபுரம் சாயவில்லை. சந்தோஷத்தில் தனக்குத் தானே கை தட்டிக்கொண்டாள்.

நீங்கள் நினைப்பீர்கள், இப்போது அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பான் என்று. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன், மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவனாக இருந்தால்.

அவன் ஃபோம் துண்டுகளை உருவி எடுத்தான். குழந்தையைப் பலகையில் உட்காரவைத்தான். வாசலுக்குப் போய்க் குதிகாலை இரண்டு தடவை தட்டினான்.

சுண்டெலி திரும்பினாள். சிரித்தாள்.

அவனுக்கு உயிர் வந்தது. மறுபடி தட்டினான். மறுபடி திரும்பினாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. ஒவ்வொரு திரும்பலுக்கும் நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் இறங்கியது. இதோ கேட்கிறதே, இதோ கேட்கிறதே என்று வாய்விட்டுச் சொன்னான். பத்து நிமிடத்துக்கு முன் பார்த்தது எல்லாம் ஏதோ தப்பு. ஃபோமில் உட்காரவைத்தால் எந்தக் குழந்தைக்கும் மந்தமாகத்தான் இருக்கும். தரை போடுகிற மனிதன், உள்ளங்கையால் பிழைக்கிற மனிதன், தனக்குத் தானே இதைச் சொல்லிக்கொண்டான். நம்பவும் செய்தான். அந்தக் கொடுமையை என்னவென்று எழுதுவது!

போன் அடித்தது. அக்கா.

"டேய், கிளம்பிட்டியா? நான் இங்கதான் இருக்கேன், காது டாக்டர் ரூம் வாசல்ல."

"அக்கா, அவளுக்குக் கேக்குதுக்கா."

போனை மறு காதுக்கு மாற்றினான்.

"நிஜமாக்கா. இப்பதான் பார்த்தேன். பத்து தடவை பார்த்தேன், பத்து தடவையும் திரும்பினா."

"கேட்டா எனக்கும் சந்தோஷம்தாண்டா." என்றாள் அக்கா. "என்மேல கோபம்னா என்னைத் திட்டு. உன் பொண்டாட்டி எறிஞ்ச செருப்பை நான் தொடச்சு மாட்டிக்கிட்டேன், அது ஒண்ணும் இல்ல. நாலு மணிக்கு இங்க பேர் கூப்பிடுவாங்க. நான் உட்கார்ந்திருக்கேன். ஆள் வரலைன்னு நானே எழுந்து சொல்லிட்டுப் போறேன். வச்சிடறேன்."

வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பான்.

காலையில் உருண்டுபோன டம்ளர் வாசல் ஓரமாகவே கிடந்தது. எடுத்து வைக்கலாம் என்று குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான்.

பலகையில் சின்னச் சின்னத் தழும்புகள். பிறை மாதிரி வளைந்த பள்ளங்கள். டம்ளரின் விளிம்பு பட்டுப்பட்டு வந்தவை. நாற்பது இருக்கும், ஐம்பது இருக்கும். எல்லாம் ஒரே பலகையில். சுவரிலிருந்து மூன்றாவது பலகை. பக்கத்துப் பலகைகளில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தப் பலகையை அவனுக்கு நன்றாகத் தெரியும். மற்றதெல்லாம் ஒட்டுத் துண்டுகள். அது ஒன்றுதான் முழு நீளம். வாசலில் ஆரம்பித்து, சுண்டெலி உட்கார்ந்து விளையாடும் இடம் வரைக்கும் ஒரே பலகை.

சமையல் அறை சிமெண்டுத் தரை. குழந்தை பாதி நாள் அங்கேதான் அம்மா காலடியில் கிடக்கும். அங்கே மைக்கம்மா ஒரு நாளும் டம்ளரைப் போட்டுப் பார்த்ததில்லை. பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்ததில்லை.

என் எடை மிஷின் ஞாபகம் இருக்கிறதா? எந்த மூலையில் வைக்கக் கூடாது என்று தெரிந்தவனால்தான் தனக்கு வேண்டிய மூலையில் வைக்க முடியும்.

அதே பலகையின் வாசல் முனையில் இன்னொரு தேய்மானமும் இருந்தது. பாலிஷ் போய், வட்டமாக. அவனுடைய குதிகால் அளவுக்கு.

தச்சன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து அழுதான். அழும்போது தோள் குலுங்கிப் பலகை அதிர்ந்திருக்க வேண்டும். சுண்டெலி திரும்பிப் பார்த்தாள்.

மணி இரண்டு ஐம்பது. ஒரு பையைத் தோளில் மாட்டி, மகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினான்.

*

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் மைக்கம்மாவின் பஸ் நிலையத்திலிருந்துதான் கிளம்புகிறது. மூன்று இருபத்தைந்துக்கு ஒன்று. அடுத்தது நாலு பத்துக்கு. பயணம் இருபது நிமிடம். கணக்கு அவ்வளவு இறுக்கம்.

அவள் கண்ணில் படாமல் ஏறிவிடலாம் என்று தூண்களுக்குப் பின்னாலேயே நடந்தான். அறிவிப்பு அறை நிலையத்தின் நடுவில், நாலு பக்கமும் கண்ணாடியோடு உயரமாக இருக்கும். பஸ் இன்னும் கதவைத் திறக்கவில்லை. தோள் வலித்தது. ஒரு நிமிடம்தானே என்று மகளைக் கீழே இறக்கிவிட்டு, பையைத் தோள் மாற்றிக்கொண்டான். அவள் இரண்டு எட்டு நடந்து, குனிந்து, கிழிந்த டிக்கெட் ஒன்றைப் பொறுக்கினாள்.

அந்த ஒரு நிமிடத்தில் மைக்கம்மா பார்த்துவிட்டாள்.

முதலில் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. குழந்தையோடு தன்னைப் பார்க்க வந்திருக்கிறான் என்று பூரித்துப்போனாள். கண்டக்டர்கள் முன்னால் தன் பெண்ணோடு ஒரு வேடிக்கை காட்டவேண்டும் என்று தோன்றியது. மைக்கை ஆன் செய்தாள்.

"சுண்டெலி! சுண்டெலி அவர்கள் எங்கிருந்தாலும் அறிவிப்பு அறைக்கு வரவும். அம்மா காத்துக்கொண்டிருக்கிறேன்."

பதினாறு ஸ்பீக்கரிலும் அந்தப் பெயர் முழங்கியது. தச்சன் நின்ற தூணின் மேலேயே ஒன்று இருந்தது. பஸ் நிலையமே சிரித்தது. மூட்டை வைத்திருந்தவர்கள், தூங்கி வழிந்தவர்கள், கைக்குழந்தைகள், எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை. டிக்கெட்டைப் பிரித்து, மடித்து, மறுபடி பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சுண்டெலி!"

ஒலியைக் கூட்டினாள் போலிருக்கிறது. ஸ்பீக்கர் கிறீச்சென்று வீறிட்டது. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தச்சனும் பொத்திக்கொண்டான், தன்னை அறியாமல். குழந்தை டிக்கெட்டை வாயில் வைத்தது.

கண்ணாடிக்குப் பின்னால் மைக்கம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்தாள். படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தாள்.

"இந்தப் பக்கத்து ஸ்பீக்கர் வேலை செய்யல" என்றாள் மூச்சு வாங்க. "ரெண்டு நாளாவே கம்ப்ளெயிண்ட்டு."

"நல்லாத்தாம்மா வேலை செய்யுது, என் காதே போச்சு" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர், இன்னும் கையை எடுக்காமல்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பின்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். "தங்கம்" என்றாள். "அம்மாடா." பிறகு எழுந்து காலை ஓங்கித் தரையில் மிதித்தாள். ஒரு தடவை. இரண்டு தடவை. செருப்பைக் கழற்றித் தரையில் அடித்தாள். நாலு விரற்கடை சிமெண்டு. அது எதையும் எங்கேயும் கொண்டு போகவில்லை.

மைக்கம்மா நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். ஆத்திரம் பொங்கியது.

"சிமெண்டுத் தரையில அவளை ஏங்க இறக்கிவிட்டீங்க?"

கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே புரிந்தது. கை தானாக வாய்க்குப் போயிற்று.

"உனக்கும் தெரியுமா?" என்றான் தச்சன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"டம்ளர் ஏன் மூணாவது பலகையிலயே விழுது? சமையல் ரூம்ல ஏன் ஒரு நாளும் விழல?"

"நீங்க மட்டும்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். "நீங்க எங்க மிதிக்கிறீங்க? தரை போடுறவர்தானே நீங்க? உங்களுக்குத் தெரியாமலா தினமும் வாசல்ல நின்னு மிதிச்சீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு பேரும் ஒரே பலகையின் மேல் நின்றுதான் இத்தனை நாள் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி பஸ்ஸின் கதவு திறந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். தச்சன் குழந்தையைத் தூக்கினான். மைக்கம்மா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வேண்டாங்க."

"நாளைக்கு டாக்டர் இல்ல."

"நான் சொல்றதைக் கேளுங்க. இந்த ஊர்ல என் குரலைக் கேக்காத ஆளே கிடையாது. தினமும் ஆயிரம் பேர் நான் சொன்னாத்தான் ஏறுறாங்க, இறங்குறாங்க. இவ வயித்துல இருக்கும்போது மைக் முன்னால உட்கார்ந்து எத்தனை பேசியிருப்பேன்! அத்தனையும் இவளுக்குத்தான்னு நினைச்சுக்குவேன். என் குரல் எப்படி இருக்கும்னே இவளுக்குத் தெரியாதுன்னா நான் எப்படிங்க தாங்குவேன்?"

"கருவி வச்சா அவளுக்குக் கேக்கும். அதுக்குத்தான் போறேன்."

"அவங்க சொல்லிட்டாங்கன்னா அப்புறம் இல்லைன்னு ஆகாதுங்க. இன்னைக்கு ஒரு நாள். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவளுக்குக் காது கேக்கட்டுங்க."

அந்த ஒரு நாள் தனக்கும் வேண்டும் என்று தச்சனும் சத்தியமாக ஆசைப்பட்டான். திரும்பிப் போய், வாசலில் நின்று, குதிகாலை இரண்டு தடவை தட்டி, அவள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வதை ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம்.

"அப்படித்தான் இருபத்திரண்டு மாசம் போச்சு" என்றான். அவள் விரல்களை ஒவ்வொன்றாக முழங்கையிலிருந்து விடுவித்தான். பஸ்ஸில் ஏறினான்.

மைக்கம்மா திரும்பி, ஒற்றைச் செருப்போடு, அறிவிப்பு அறைப் படியில் ஏறினாள். கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். இருக்கையில் உட்கார்ந்தாள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது.

மூன்று இருபத்தைந்து. டிரைவர் வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்தார். பஸ் உறுமியது.

மூன்று இருபத்தேழு. அறிவிப்பு வரவில்லை.

"என்னம்மா, மைக்கம்மா! ஆஸ்பத்திரி வண்டி நிக்குது!" கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கையை ஆட்டினார்.

அவள் அவரைப் பார்த்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"உள்ள நோயாளிங்க இருக்காங்க, சொல்லித் தொலைங்கம்மா!" என்று யாரோ கத்தினார்கள். பின்னால் இரண்டு பஸ்கள் வழி கேட்டு ஹாரன் அடித்தன. டிரைவர் கையை விரித்தார். சொல்லாமல் எடுத்தால் அவர் வேலை போய்விடும்.

மூன்று முப்பத்தொன்று. தச்சன் ஜன்னலில் தலையை நீட்டினான். கூப்பிடவில்லை. கையைக் கூப்பினான். கட்டிய மனைவியிடம், அத்தனை பேர் முன்னால், கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் மடியில் சுண்டெலி இரண்டு உள்ளங்கைகளையும் ஜன்னல் சட்டத்தில் அழுத்தி வைத்திருந்தாள். சட்டம் கடகடவென்று அதிர்ந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்பாவைத் திரும்பிப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள்.

பதினாறு ஸ்பீக்கரிலும் ஒரு பெண் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் மணி மூன்று முப்பத்து நான்கு.